மூன்று கொட்டேஷன்

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் உலகநாதனைப் பற்றி ஒரு கேலி உண்டு. பெண் பார்க்கப் போனபோதே மூன்று வீட்டில் கொட்டேஷன் வாங்கித்தான் தனகோடியைக் கட்டிக்கொண்டார் என்பார்கள். தனகோடியும் சளைத்தவள் இல்லை. "அதுல நான்தான் கம்மி ரேட்டு" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

கேலிக்குக் காரணம் அவர் பார்த்த வேலை. அணு ஆராய்ச்சி மையத்தின் பர்ச்சேஸ் செக்‌ஷனில் குமாஸ்தா. துடைப்பம் வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டு, கட்டம் போட்டு, பக்கத்துப் பக்கத்தில் எழுதி, குறைந்ததை எடுக்க வேண்டும். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, ஊர்ப் பணம். ஆனால் மனுஷன் அந்தக் கட்டத்தை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு கோடைக்காலம் முழுக்க மின்விசிறிக்கு விலை கேட்டு, கடைசியில் வாங்கி மாட்டினபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

கஞ்சன் என்று சொன்னால் அது அநியாயம். செய்யூர்ப் பக்கத்தில் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிப் பிழைத்த குடும்பம் அவருடையது. கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, கொடுத்த பொருளை வாங்கிக்கொண்டு தலை குனிந்து வந்தவர்கள் அவருடைய அப்பாவும் அம்மாவும். தன்னை ஒருவன் ஏமாற்ற முடியாது என்பதுதான் உலகநாதன் சம்பாதித்த முதல் சொத்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவர் அவசரப்பட்டிருக்கிறார். தொண்ணூற்றைந்தில், ஒரே மகள் பிரதீபா பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் அடிக்கடி விழ ஆரம்பித்தாள். சென்னையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: தசை வலுவிழக்கிற நோய். காலில் ஆரம்பித்திருக்கிறது, ஒருநாள் கைக்கும் வரும், எப்போது என்று சொல்ல முடியாது, மருந்து கிடையாது. கேட்டுக்கொண்டு வந்தவர் வெறி பிடித்ததுபோல் ஓடினார். மதுராந்தகம் தாண்டி ஒரு எண்ணெய் வைத்தியன், ஒரு மண்டலத்தில் ஓட வைக்கிறேன் என்றான். யாரையும் கேட்காமல், பி.எஃப். பணத்தை எடுத்து அவன் கையில் கொட்டினார். மண்டலம் முடிந்தது. குழந்தை எப்போதும்போலவே விழுந்தாள். அன்றோடு, "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்ற வார்த்தை அவருக்கு வேதமாகிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்றில் பிரதீபாவுக்குப் பதினெட்டு வயது. சக்கர நாற்காலிக்கு வந்தாகிவிட்டது. தபால் வழியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஸ்ரீதேவியின் மகன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் அவனுடைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. "பொழுது போகலைன்னா வந்து எதையாவது தட்டிக்கிட்டு இரும்மா" என்றாள் அந்தப் புண்ணியவதி. அதில் ஒரு கார் விளையாட்டு இருந்தது. மலைப்பாதை, மழை, கொண்டை ஊசி வளைவுகள். அம்புக்குறி போட்ட நான்கு கட்டைகள்தான் முழு வண்டியும். மேல்கட்டை வேகம், கீழ்க்கட்டை பிரேக், பக்கத்தில் இரண்டும் திருப்புவதற்கு. பிரதீபா அதில் பறந்தாள். கூப்பிடப் போன தனகோடி, மகள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடாமலே திரும்பி வந்த நாட்கள் உண்டு.

ஸ்ரீதேவியின் கணவருக்கு மாற்றல் வந்தது. லாரியில் கட்டிலோடும் பீரோவோடும் கம்ப்யூட்டரும் ஏறிப் போயிற்று. அதற்கு மறுநாள்தான் பிரதீபா கேட்டாள். பல வருஷமாக எதையும் கேட்காத பெண்.

"நைனா, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தரியா? படிக்கிறதுக்குன்னு பொய் சொல்லல. கார் ஓட்டத்தான்."

"வாங்கிடலாம்மா. இன்னா பெரிய விஷயம்?"

"கை நல்லா கீறப்பவே வேணும் நைனா."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். உலகநாதன் மறுநாளே அரைநாள் லீவு போட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார். அவ்வளவு வேகமாக அவர் புறப்பட்டதை யாரும் பார்த்ததில்லை. வேகமெல்லாம் புறப்படுவதில்தான்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெபசிங் என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரியாக வாங்கி வந்து கோத்துக் கொடுப்பார். ஒரு தாளில் மடமடவென்று எழுதினார்.

"கேம் ஆடணும்னா இதுக்குக் கொறஞ்சு முடியாது சார். மொத்தம் நாப்பத்திரண்டாயிரம் ஆவுது. இதுல கிராபிக்ஸ் கார்டு மட்டும் ஒம்போது."

"இந்த ரேட்டு எத்தினி நாளிக்குச் செல்லும்?"

"வெள்ளிக்கெழம வரிக்கும்."

"தொண்ணூறு நாள் தரணும்பா. அதான் மொற."

"இது இன்னா இரும்புக் கம்பியா சார்? தக்காளி மாரி. காலைல ஒரு வெல, சாயங்காலம் ஒரு வெல." ஜெபசிங் பேனாவை மூடிக்கொண்டே நல்லெண்ணத்தில் ஒரு வார்த்தை சேர்த்தார். "அவசரம் இல்லன்னா ரெண்டு மாசம் தள்ளி வா சார். கண்டிப்பா எறங்கும்."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. இத்தனை வருஷச் சர்வீஸில் அவர் எதற்கெல்லாமோ விலை கேட்டிருக்கிறார். எல்லாமே ஏறும். தானாக இறங்குகிற பொருளை அவர் பார்த்ததே இல்லை. வாங்காமல் சும்மா இருந்தாலே லாபம் என்றால்? பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் முகத்தில் புதையல் கண்டவன் களை இருந்தது.

இரண்டாவது கொட்டேஷன் படூரில், கல்லூரிப் பையன்கள் சேர்ந்து வாடகை அறையில் நடத்திய கடையில். மூன்றாவது நேராக ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே. மூன்றையும் கட்டம் போட்டார். பிறகு தன் வழக்கப்படி, தேவையில்லாதது எது என்று பார்த்து, கிராபிக்ஸ் கார்டின் மேல் ஒரு கோடு இழுத்தார். விளையாட்டுக்கு மட்டும்தானே அது? அதற்குப் பதில் பிரிண்டர் வாங்கினால் படிப்புக்காவது ஆகும்.

பிரதீபா தாளைப் பார்த்தாள். "நைனா, இது இல்லன்னா கார் நின்னு நின்னுதான் போவும்."

அவர் கோட்டை அழித்தார். மகள் கேட்டதை மறுக்கிற மனம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அந்த ஒன்பதாயிரத்தை எங்கே ஈடுகட்டுவது என்று யோசித்து, விலை இறங்கட்டும் என்று வைத்தார். ஆடி போய் ஆவணி வந்தது. உண்மையாகவே விலை இறங்கியது. ராம் என்கிற மெமரிச் சில்லின் விலை பாதிக்கும் கீழே போயிற்று. தீபாவளிக்கு வாங்கிவிடலாம் என்றிருந்தவர், இப்படி இறங்குகிறதை ஏன் நடுவில் பிடிக்க வேண்டும் என்று பொங்கலுக்குத் தள்ளினார். பொங்கலுக்குப் போனால் அதே ராம் மளமளவென்று ஏறியிருந்தது. ஏறின பொருளை எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்? இறங்கட்டும் என்றார். இறங்கியபோது புது பிராசஸர் வரப் போகிறது என்றார்கள். புதுசு வந்தால் பழசு மலியும் என்று காத்தார். வந்தது, மலிந்தது, அதற்குள் அதற்கும் புதுசு ஒன்று வரப் போவதாகப் பேச்சு.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி, தெரிஞ்சிக்க" என்றாள் தனகோடி.

"பொறுத்தார் பூமியாள்வார்டி. இதுவரிக்கும் எவ்ளோ மிச்சம் புடிச்சிக்கீறேன் தெரியுமா?"

"அத்த வச்சி இன்னா பண்ணப் போற?"

அவர் கட்டத்தைப் புதுசாகப் போட்டார். பிரதீபா முதலில் மாதாமாதம் கேட்டாள். அப்புறம் பண்டிகைக்குப் பண்டிகை கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். பெண்ணுக்குத் தன்னைப்போலவே பொறுமை வந்துவிட்டது என்று உலகநாதன் எடுத்துக்கொண்டார். தகப்பனின் அறிவு சில நேரம் இப்படித்தான் வேலை செய்யும்.

இரண்டாயிரத்து மூன்று பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாகச் சந்தைக்குப் போய்விடுகிறவர் அன்றைக்கு வீட்டில் இருந்தார். சமையலறை வாசலில் நின்று பேச்சுக்கொடுத்தவர், தனகோடி தோசையை எடுத்துத் தட்டில் போட்டு, சின்னச் சின்னத் துண்டாகப் பிய்ப்பதைப் பார்த்தார். பிய்த்த துண்டுகளைச் சட்னியில் நனைத்து ஒதுக்கி வைத்தாள்.

"யாருக்குடி இது? வூட்டுல கொழந்த எதுனா வந்துகீதா?"

தனகோடி அடுத்த துண்டைப் பிய்த்தாள்.

"உன்னத்தான் கேக்குறேன்."

"பாப்பாவுக்குத்தான். பிய்க்க முடியல அவளால."

"எத்தினி நாளா?"

"தீவாளிக்கு முன்னாலேர்ந்து. உன்னாண்ட சொல்ல வேணாம்னா. நைனா பயந்துடும், சொல்லாதம்மான்னா."

உலகநாதன், தீபாவளிக்கு முன்னால் எதற்காகக் காத்திருந்தோம் என்று நினைத்துப் பார்த்தார். மானிட்டரில் ஒரு ஆயிரம் ரூபாய் குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஆயிரம் ரூபாய்க்கு. அவருக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. விலை இறங்கிக்கொண்டே வந்தது ஒரு பக்கம். அவள் விரலில் பலம் இறங்கிக்கொண்டே வந்தது இன்னொரு பக்கம். இவர் ஒன்றை மட்டும் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த கடையைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்து ஜெபசிங்கின் வீட்டுக்கே போனார். ஜெபசிங் சர்ச் ஆராதனை முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷமாக வந்து வந்து விலை மட்டும் கேட்டுப் போகிற ஆளை அவருக்கு நன்றாகவே தெரியும்.

"வா சார். இன்னா, இன்னொரு கொட்டேஷனா?"

"இன்னைக்கே வேணும் ஜெபசிங்."

"அவசரப்படாத சார். அடுத்த மாசம் புது கார்டு ஒண்ணு எறங்குது. கொஞ்சம் வெயிட் பண்ணா…"

"வேணாம்பா." உலகநாதன் உட்காரவில்லை. "கடைல இன்னா கீதோ அத்தக் குடு. இன்னா வெல சொல்றியோ சொல்லு."

ஜெபசிங் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசாமல் கடைச் சாவியை எடுத்தார். சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டர் வீடு வந்து சேர்ந்தது. சக்கர நாற்காலி உள்ளே போகிற மாதிரி சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்துக் கோத்தார்கள். தனகோடி மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கார் விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெபசிங் புறப்பட்டார்.

மலை வந்தது. மழை வந்தது. எதிர்வீட்டில் பார்த்ததைவிடப் பத்து மடங்கு அழகாக இருந்தது. ஈரத் தார்ச்சாலையில் விளக்கு வெளிச்சம் மின்னியது. பிரதீபா இரண்டு கையையும் ஒன்றன்பின் ஒன்றாக மேஜைமேல் ஏற்றி வைத்தாள். மேல்கட்டையை அழுத்தினாள். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச தூரம் போயிற்று. அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டிய கட்டை அது. விரல் மெல்லத் தளர்ந்தது. கார் வேகம் இழந்து நடுரோட்டில் நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி நின்றது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் தண்ணீரை வாரியடித்துவிட்டுக் கடந்து போயின.



"என்னாலதாம்மா" என்றார் உலகநாதன். "ரெண்டு வருஷம் உன் கையில தெம்பு இருந்துச்சு. நான்தான் அத்தக் கொட்டேஷனுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன்."

பிரதீபா இல்லை என்று சொல்லவில்லை. ஆறுதலுக்குப் பொய் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை. தனகோடி முந்தானையால் துடைத்துவிட்டாள். பிரதீபா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நாற்காலிய இழுத்துப் போட்டுகினு ஒக்காரு நைனா. திருப்புறத நான் பாத்துக்கிறேன், அது லேசாத் தட்டினாப் போதும். நீ மேல்கட்டைய மட்டும் அழுத்திகினு இரு."

அப்படித்தான் அந்த வீட்டில் கார் ஓடத் தொடங்கியது. ஓடியது என்று சொல்வதும் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் உலகநாதனின் விரல் தானாகக் கீழ்க்கட்டைக்கு இறங்கிவிடும். "பிரேக் எதுக்கு நைனா? நான் திருப்பிடுவேன், நீ வுடு" என்று கத்துவாள். அவர் பதறிப்போய் மேல்கட்டையை அழுத்துவார். வண்டி பள்ளத்தில் பாயும். முதல் வாரம் முழுக்கக் கடைசியில்தான் வந்தார்கள். மகளிடம் அவர் வாழ்நாளில் அவ்வளவு திட்டு வாங்கியதில்லை. ஆபீஸ் விட்டதும் சைக்கிளில் பறந்து வந்து, கைகால் கழுவி, அந்தத் திட்டு வாங்க உட்கார்ந்துகொள்வார்.

அடுத்த ஆவணிக்குள் திருப்புகிற விரலும் ஓய்ந்துவிட்டது. பிரதீபா அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு, "நாலையும் நீயே எடுத்துக்க நைனா, நான் வாயால ஓட்டுறேன்" என்றாள். உலகநாதன் நான்கு கட்டையின்மேலும் விரலை வைத்தார். 

மழை பெய்துகொண்டிருந்தது. சாலை மலையைச் சுற்றி ஏறியது. "ரைட்டு" என்றாள், திருப்பினார். "வுடாத, வுடாத, அழுத்து" என்றாள், அழுத்தினார். முன்னால் போன வண்டி ஒன்று பின்னால் போயிற்று. பிறகு இன்னொன்று. குறுகலான வளைவு ஒன்று எதிரே வந்தது, ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் பள்ளம். பிரதீபா மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அவள் சொல் வெளியே வருவதற்குள் அவர் திருப்பியிருந்தார்.