யாரந்த 'நாம்'?

கும்மிடிப்பூண்டியில் பாட்டில் நிரப்பும் இயந்திரங்களுக்கு நானும் தோழியும் புரோகிராம் எழுதுகிறோம். எனக்குக் காலை ஷிப்ட், அவளுக்கு மாலை. ஒரே வரியை இருவரும் மாற்றிவிட்டால், இரண்டையும் இணைக்கும் மென்பொருள் 'நம்முடையது', 'அவர்களுடையது' என்று காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். விட்டுக்கொடுக்காமல் இருவரும் 'நம்முடையது' என்பதையே அழுத்துவோம். அப்படியும் அவரவர் எழுதியது காணாமல் போகும். அவளைத் திட்டுவேன், அவள் என்னை.

யாரந்த 'நாம்' என்று எரிச்சலாகி, அந்தச் சொற்களுக்குப் பதில் வரியை எழுதியவரின் ஷிப்ட் தெரியும்படி மாற்றினேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் சேர்ந்து பார்த்தோம். 'நம்முடையது' இருந்த இடத்தில் அவள் திரையில் 'காலை'. என் திரையில் 'மாலை'.

"இன்னாக்கா, இத்தினி நாளா உன்னுதையா காப்பாத்திக்கினு இருந்தேன்?"

"நான் மட்டும் இன்னா? உன்னுதத்தான்!"

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"அதான்கா மிஷினு ஒழுங்கா ஓடிச்சி!"