பழசை எடுத்துவிடவா என்று கேட்ட கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில், புதுசு கேட்டு வருகிறவரை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அனுப்பிவிடலாம். பழசு கேட்டு வருகிறவர்தான் நம்மை உட்கார வைத்துவிடுவார். பைத்தான், ரூபி மாதிரி நிரல்மொழிகளில் பழசு ஒன்றை ஏற்றப் போய், கருப்புத் திரையில் பக்கம் பக்கமாக எர்ரர் ஓடுவதைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்களே, இது உங்களுக்காகத்தான். இந்தக் கொடுமையை அனுபவிக்காதவர்களுக்கு ஒரு வரி: மனிதன் எழுதிய நிரலை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற மென்பொருளுக்குப் பெயர் கம்பைலர். அது மனது வைத்தால்தான் நமக்கு மதியச் சாப்பாடு.

போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏலக்காய் வியாபாரிகள். யாரோ ஒரு இன்ஜினியரிங் பையன் எழுதிக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்ட சாஃப்ட்வேர் ஒன்று ஒவ்வொருவர் கடையிலும் ஓடிக்கொண்டிருக்கும், அவன் போன் நம்பர் மட்டும் மாறியிருக்கும். அந்தக் கதைகளைச் சொன்னால் நாள் முழுக்கச் சிரிக்கலாம். ஆனால் போன கார்த்திகையில் வந்த ஒரு லேப்டாப்தான் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

ஜீப்பு ஸ்டாண்டில் பூஜை

அதைக் கொண்டுவந்தவள் ஜெயந்தி. கூடவே மகள் பவித்ரா, தம்பி முத்துக்குமார். பவித்ராவுக்குப் பதிமூன்று வயது, பேச்சு வராது. அவள் அப்பா பாண்டியராஜ் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சனிக்கிழமை இறங்கி வருவார். தானாகவே பைத்தான் படித்து, மகளுக்காக ஒரு நிரல் எழுதினார். திரையில் படம் போட்ட பொத்தான்கள். பிள்ளை சொம்புப் படத்தை அமுக்கினால் "தண்ணி வேணும்" என்று ஜெயந்தியின் குரல் கேட்கும். பவித்ராவின் வாய் அதுதான். சித்திரையில் பாண்டியராஜுக்கு நெஞ்சுவலி வந்தது. மலையிலிருந்து கீழே கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

முத்துக்குமார் குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். துக்கம் நடந்த வீடு என்பதால் அக்கா வீட்டில் அந்த வருஷம் ஆயுத பூஜை கிடையாது. கம்ப்யூட்டர் என்ன பாவம் செய்தது என்று அதைத் தூக்கிக்கொண்டுபோய், ஜீப்பு ஸ்டாண்டில் தன் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டான். வண்டியைக் கழுவின கையோடு லேப்டாப்பையும் துடைத்தான். திறந்ததும் 'அப்டேட் செய்யட்டுமா' என்று கேட்டிருக்கிறது. பூஜைக்கு எல்லாமே சுத்தமாக இருக்கட்டுமே என்று சரி கொடுத்தான். அது முடிந்ததும், இனித் தேவைப்படாத பழையவற்றை நீக்கவா என்று கேட்டிருக்கிறது. அதற்கும் சரி. பிறகு சந்தனம் குங்குமம் வைத்துச் சூடமும் காட்டிவிட்டான். லேப்டாப்பையே ஓட்டுகிற லினக்ஸ் புதுசாகிவிட்டது, பழைய பைத்தான் போய்விட்டது, பொத்தான்களும் போயின. என் எதிரில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னான்: "பழசை எடுத்துறவான்னு அதுவாத்தாண்ணே கேட்டுச்சு. மச்சான் எழுதுனதும் பழசுல சேரும்னு எனக்குத் தெரியலையே!"

புது கம்பைலரின் கண்டிப்பு

நிரலும் குரல்களும் பத்திரமாக இருந்தன. அதை ஓட்டுகிற பைத்தானைத்தான் காணோம். புது லினக்ஸில் அந்த வயதுப் பைத்தான் ரெடிமேடாகக் கிடைக்காது. அதன் மூல நிரலை நெட்டிலிருந்து இறக்கி நாமே கம்பைல் செய்யவேண்டும். மலைமேலே மழை பிடித்தால் எங்கள் ஊரில் நெட் படுத்துவிடும். அன்றைக்கு மேலே நல்ல மழை. ஒருவழியாக இறக்கி, கட்டளையைக் கொடுத்தால் சிவப்புச் சிவப்பாக எர்ரர். இத்தனை வருஷமாக "இது சரியில்லையே" என்று முணுமுணுத்துவிட்டு வழிவிட்ட விஷயத்துக்கெல்லாம் புது கம்பைலர் குறுக்கே நிற்கிறது. புதிதாக மாற்றலாகி வந்த ஹெட்மாஸ்டர் மாதிரி. நீங்களும் பட்டிருப்பீர்கள். ஒன்றைத் திருத்தினால் அடுத்தது, அதைத் திருத்தினால் அதற்கும் அடுத்தது.

கடை பெஞ்சில் ஜெயந்தி மகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பவித்ராவின் விரல் பெஞ்சுப் பலகையை ஒரே இடத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தது. அமுக்கிவிட்டு அம்மா முகத்தைப் பார்ப்பாள், மறுபடி அமுக்குவாள். என்ன கேட்கிறாள் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள், பிள்ளை இரண்டையும் தள்ளிவிட்டாள். பிரிண்டர் ரிப்பேருக்காகக் காத்திருந்த ஏலக்காய் வியாபாரி பெரியசாமி, எதற்கெடுத்தாலும் கத்துகிற மனுஷன், இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்தார். "என் சோலி கெடக்கட்டும்ப்பா. மொதல்ல இந்தப் பிள்ளைக்கு வெரசா ஒரு வழியப் பண்ணு."

என் அழகான திரை

மறுநாள் எனக்குப் புத்திசாலித்தனம் முளைத்தது. பழசோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? அதே படங்கள், அதே குரல்களை வைத்துப் புது பைத்தானில் நானே எழுதிவிட்டேன். பளபளவென்று வந்தது. பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன், கல்லாவில் இருந்த என் மனைவியைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பவித்ரா வந்து பார்த்தாள். சொம்பை அமுக்கினாள். பழைய நிரலில் குரல் வருவதற்கு முன்னால் 'டிக்' என்று ஒரு சத்தமும் சின்னத் தாமதமும் உண்டாம். என்னுடையதில் பட்டென்று குரல் வந்தது. அவ்வளவுதான், லேப்டாப்பைத் தள்ளிவிட்டுத் தன் கையையே கடித்துக்கொண்டாள். டிக்கைச் சேர்த்தேன், பொத்தான்களை நகர்த்தினேன், நிறத்தைக் குறைத்தேன். ஒவ்வொரு தடவையும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். அழுகை நின்றதும் மகளின் கையில் எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே ஜெயந்தி சொன்னாள்: "அவளுக்கு அழகு வேணாம்ணே. அவங்கப்பா எதை எங்க வச்சாரோ அது அங்கயே இருக்கணும். அது மாறுனா அவளுக்குப் பேசத் தெரியாது."

ஒரு பொத்தான்

மறுபடி பழசுக்கே வந்தேன். புது கம்பைலரோடு சண்டையை விட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே பழைய கம்பைலர் ஒன்றைக் குடிவைத்தேன். அது பைத்தானை மறுபேச்சில்லாமல் கட்டிக் கொடுத்தது. ஆனந்தமாக நிரலை ஓட்டினால் திரையே வரவில்லை. திரையில் ஜன்னல் வரைகிற துணை நிரல்களை நூலகம் என்போம், அது இல்லாமலேயே பைத்தானைக் கட்டி முடித்திருக்கிறது, மூச்சுக்கூட விடவில்லை. நம் தொழிலில் இது ஒரு தனி ரகத் துரோகம். நூலகத்தைத் தேடிப் போட்டு முதலிலிருந்து ஓடவிட்டேன்.

அது ஓடிக்கொண்டிருந்தபோது ஜெயந்தி தனியாக என் மேஜைக்கு வந்தாள். பவித்ராவை முத்துக்குமார் ஜீப்பில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் பாண்டியராஜின் போட்டோ போட்ட பொத்தான் ஒன்று இருக்கும், அதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். அமுக்கினால் "அப்பா எங்க?" என்று கேட்குமாம். அவர் மலையில் இருந்த நாட்களில் பவித்ரா கேட்பதற்காக வைத்தது. சித்திரைக்குப் பிறகும் தினமும் அமுக்கினாள். என்ன பதில் சொல்வது என்று இவளுக்குத் தெரியவில்லை. ஒரு பொத்தான் குறைந்தாலும் பிள்ளை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுவாளே என்றேன். ஓடட்டும், அதற்குப் பிறகும் வேண்டாமென்றால் ஒரு வரிதான், எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் போகவில்லை. பூஜைக்குக் கெட்டுப்போனதைக் கார்த்திகையில் கொண்டுவந்தது ஏன் என்று நான் கேட்கவே இல்லை, அவளே சொன்னாள். போன வாரம் பிள்ளைக்கு வயிற்றுவலி. சொல்ல வழியில்லாமல் விடிகிறவரை சுவரில் முட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் ஜெயந்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அதுவரை வராததற்குக் காரணத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பூசைலருந்து யாரும் என்னை அதைக் கேக்கலண்ணே. வீடு அமைதியா இருந்துச்சு. எம்பிள்ளைக்கு வாயில்லாமப் போன நாளெல்லாம் நான் நிம்மதியா இருந்துட்டேண்ணே."

ஓடியது

சாயங்காலம் கம்பைல் முடிந்தது. நிரலை ஓட்டினேன். சாம்பல் நிறத்தில் ஒரு ஜன்னல், சதுரம் சதுரமாகப் பொத்தான்கள், கொஞ்சம் கோணலான வரிசை. இவ்வளவு சாதாரணமான ஒரு திரையைப் பார்த்து நான் அழுததில்லை, அன்றைக்கு அழுதேன். பவித்ராவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சொம்பை அமுக்கினாள். டிக். "தண்ணி வேணும்." முத்துக்குமார் தண்ணீருக்கு ஓடினான். அவள் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, விரலை மெதுவாகக் கடைசி வரிசைக்கு நகர்த்தினாள்.

டிக். "அப்பா எங்க?"

குரல் ஜெயந்தியுடையதுதான், ஆனால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. பதிவு செய்த அன்று பாண்டியராஜ் பக்கத்தில் நின்று ஏதோ கிண்டல் செய்திருக்க வேண்டும். கேள்வியின் பாதியில் அவள் சிரிப்பை அடக்குவது நன்றாகவே கேட்டது. பவித்ரா திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள். ஜெயந்தி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மகளின் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நான் நிரலைத் திறந்து, அந்த வரிக்குப் போய், எடுத்துவிடவா என்று மெதுவாகக் கேட்டேன். ஜெயந்தி பிடியைத் தளர்த்தாமலேயே சொன்னாள்: "வேணாம்ணே, இருக்கட்டும். அவரைக் கேக்குறதுக்கு இப்ப இவ ஒருத்திதான் இருக்கா."

வேலையை முடித்துக் கொடுத்த சில நாளில் "நல்லா ஓடுதா?" என்று போன் போட்டு விசாரிப்பது எங்கள் தொழிலில் ஒரு மரியாதை, ஜெயந்திக்கு மட்டும் நான் இன்னும் போடவில்லை, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், கடைசி வரிசைப் பொத்தானும் சேர்த்து.