காமன் நவுன், மாஸ்குலின் ஜெண்டர்

இத்தனை வருஷமாகியும் அந்த மத்தியானம் எனக்கு மறக்கவில்லை. அப்படி ஒரு பதில் என் வாயிலிருந்து வந்தது என்பதை இன்றும் நம்ப முடியவில்லை.

துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அப்பா ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா கிடங்குகளில் சிந்திய தானியத்தைச் சலிக்கப் போனாள். தூசி மார்பில் ஏறி, சாயங்காலம் வீடு வந்தால் இருமல் நிற்காது. நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். டெலிபோன் ஆபீசில் பெண்களை எடுக்கிறார்கள், இங்கிலீஷ் தெரிந்தால் போதும் என்றார்கள். அந்த வேலை கிடைத்தால் அம்மா கிடங்குக்குப் போக வேண்டாம். எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை.

எங்கள் பேட்டையில், கல்மண்டபம் பக்கம், ஒரு கயிற்றுக்கடைக்கு மேலே ஒரு வாத்தியார் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். இங்கிலீஷ் என்றால் அவருக்கு இலக்கணம் மட்டும்தான். அவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியது, நாங்கள் எழுந்து நின்று ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, நவுனா வெர்பா, என்ன டென்ஸ், என்ன ஜெண்டர் என்று ஒப்பிக்க வேண்டியது. இதற்குப் பார்ஸிங் என்று பெயர். ஒருமுறை அவர், "வாட் இஸ் யுவர் நேம்?" என்றதும் ஒருத்தி தன் பெயரைச் சொல்லிவிட்டாள். மனுஷன் ஆடித் தீர்த்துவிட்டார். "உன் பேரை யார் கேட்டது? வாக்கியத்தைப் பிரி." அதன் பிறகு பதில் சொல்லும் துணிச்சல் எங்களில் எவருக்கும் வரவில்லை. மாதக்கணக்கில் தொண்டை வறளப் பிரித்தோம்.

டெலிபோன் ஆபீஸ் இன்டர்வியூவில் மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள் இருந்தார். என்னை உட்காரச் சொன்னார். வீட்டு நிலவரம் விசாரிக்க நினைத்தாரோ என்னவோ, கனிவாக, "இஸ் யுவர் ஃபாதர் அலைவ்?" என்றார்.

நான் விறைப்பாக எழுந்து நின்றேன். "'இஸ்', வெர்ப், பிரசன்ட் டென்ஸ். 'யுவர்', பொஸஸிவ் அட்ஜெக்டிவ். 'ஃபாதர்', காமன் நவுன், மாஸ்குலின் ஜெண்டர், தர்ட் பர்சன், சிங்குலர் நம்பர். 'அலைவ்', அட்ஜெக்டிவ்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எங்கள் பேட்டைத் தமிழிலேயே கேட்டார்: "உங்க நைனா உசுரோட கீறாரான்னு கேட்டேம்மா."

"செத்துப்போயிட்டாரு" என்றேன். அப்பா போனதிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. கேள்வியில் நின்றது என் அப்பா. அவரைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன், குரல்கூட நடுங்காமல்.

"டெலிபோன்ல ஒருத்தன் நெருப்பு பத்திக்கிச்சின்னு இங்கிலீஷ்ல கத்தினா இன்னாம்மா பண்ணுவே?" அவர் கேலி செய்யவில்லை, திகைத்துப்போய்த்தான் கேட்டார். போகலாம் என்று தலையசைத்தார். வேலை இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அம்மா அன்று கிடங்குக்குப் போகாமல் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள்.

"இங்கிலீஷ்லயே கேட்டாங்கோளா?"

"ஆமா."

"நைனாவப் பத்தி கேட்டாங்கோளா?"

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"எல்லாம் கரெக்டா சொன்னேம்மா."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ இங்கிலீஷ்ல சொன்னத கேக்க அந்த மனுசனுக்குக் குடுத்து வெக்கல."