ஏரிக்கரைப் பட்டியும் மருந்து குடிக்காத கிடாவும்

மருந்து கொடுத்தோம், ஆடு செத்தது. ஈரல் புழுவோடு மல்லுக்கட்டும் வேலையில் பாதி நாள் இப்படித்தான். கால்நடை மருந்தகத்தில் ஆட்டின் வாயைப் பிளந்தே காலம் தள்ளியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தாடை

அதியமான்கோட்டைப் பக்கம் மாரப்பனின் பட்டி. செம்மறி மட்டும்தான், வேறு பிழைப்பு இல்லை. மழை ஓய்ந்து ஏரி வடிந்ததும் கரையில் புல் பச்சையாகக் கிடந்தது. ஓட்டிவிட்டான். அந்த ஈரத்தில்தான் நத்தை இருக்கும். நத்தையிலிருந்து வெளியேறும் புழு புல்லில் ஒட்டிக்கொண்டு ஆட்டுக்குள் போய் ஈரலில் குடியேறும்.

அவன் கூப்பிட்டபோது மருந்தகத்திலிருந்து போனேன். பாதி ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் தொங்குகிறது. இமையைப் பிதுக்கினால் சுண்ணாம்பு வெளுப்பு; புழு ரத்தத்தைக் குடித்திருக்கிறது. "இத்தனை நாள் என்னய்யா பார்த்துக்கிட்டு இருந்தே?" என்றேன்.

"நல்லா மேஞ்சு கன்னம் வெச்சிருக்குதுன்னு இருந்தேனுங்க."

கை எடை

எடைக்குத் தக்கபடி ஊற்று என்று சொல்லி மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவனே ஊற்றினான். அதற்குப் பிறகும் இரண்டு ஆடு போயிற்று. தராசைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மாரப்பன் ஆட்டை இடுப்போடு தூக்கிப் பார்த்தே எடை சொல்பவன். சந்தையில் அவன் கைக்குப் பேர் உண்டு. தராசில் ஏற்றினால் ஒவ்வொரு ஆடும் அவன் சொன்னதைவிடக் கூடுதல். அப்படியானால் மருந்து குறைச்சல். புழு சாகாது. முறைத்தேன்.

"சந்தையில ஆடு வாங்குற கைங்க சார் இது. கொஞ்சம் கொறைச்சுத்தான் சொல்லும்."

புழுக்கை

இந்தத் தடவை நானே நின்று அளந்து ஊற்றினேன். சில வாரம் கழித்துப் பட்டியில் அங்கங்கே புழுக்கை பொறுக்கி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். புழு முட்டை இருக்கிறது என்று பதில் வந்தது. எனக்குத் தலை சூடேறியது. பட்டிக்கே போய், அன்றைக்கு எல்லா ஆட்டையும் கொண்டுவந்து நிறுத்தினாயா என்று கேட்டேன். எல்லாத்தையும் என்றான்.

மூலையில் ஒரு கிடா நின்றது. நல்ல உயரம், தாடையில் வீக்கம். மருந்து ஊற்றிய அன்றைக்கு அதை என் கண்ணில் காட்டவே இல்லை. அதன் புழுக்கையில் வரும் புழு முட்டை ஏரிக்கரைக்குப் போனால் நத்தைக்கு, நத்தையிலிருந்து மறுபடி மந்தைக்கு. "இது என்ன?" என்றேன்.

"அது நம்ம ஆடு இல்லீங்களே. முனியப்பனுக்கு விட்டதுங்க."

பூ

நேர்ந்துவிட்டதற்கு மருந்து ஆகாதாம். அதோடு கிடா வெட்டு நெருங்கிவிட்டது. மருந்து ஊற்றினால் பல வாரம் அதன் கறியைத் தின்னக் கூடாது. நான் கத்தினேன். அவன் தலையைச் சொறிந்தான். இனி ஒரு ஆடு போனாலும் தாங்கமாட்டான்; அது அவனுக்கே தெரியும். ஆனாலும் அசையவில்லை.

தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி ராசம்மா குடத்தை இறக்கிவிட்டு நேரே கோயிலுக்குப் போனாள். மருந்து கொடுக்கலாமா, வெட்டைத் தள்ளிப்போடலாமா என்று சாமி சிலை மேல் பூ வைத்துக் கேட்டாள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். மத்தியானத்துக்குத்தான் திரும்பினாள். "விழுந்துச்சா?" என்றேன். "விழுற வரைக்கும் பூசாரிய எந்திரிக்க வுடலைங்க" என்றாள்.

கிடாவைக் கால் இடுக்கில் பிடித்துக்கொண்டாள். நான் ஊற்றினேன். மாரப்பன் தள்ளி நின்று, "சாமி கோவிச்சுக்கிட்டா என்னடி பண்றது?" என்று முனகினான்.

"எலும்புந்தோலுமா கொண்டுபோய் நிறுத்துனாத்தான் கோவிச்சுக்கும். காதைப் புடிங்க."

அடுத்த தடவை ஆய்வகத்துக்கு அனுப்பிய புழுக்கையில் முட்டை இல்லை. என் மருந்து, என் தராசு, என் சத்தம் எல்லாம் ஆன பிறகு அந்தப் பட்டியில் புழுவை நிறுத்தியது ராசம்மா.