வலிக்குதா, கூசுதா?

தி. நகர் கிளினிக்கில் அந்த டாக்டர் என் வாய்க்குள் இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி, "மூணு பல்லுக்கும் ரூட் கெனால் பண்ணி கேப் போடணும். நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றார். பல்லின் நரம்பை எடுத்துவிட்டால் எடுத்ததுதான். தப்பாகிப் போனால் திருப்பி வைக்கவா முடியும்? யோசித்துச் சொல்கிறேன் என்று எக்ஸ்ரே பிரதியை வாங்கிக்கொண்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியே வந்தேன்.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. கைப்பேசியில் பல் டாக்டர்களாகத் தேடினேன். எல்லோருக்கும் ஐந்து நட்சத்திரம். டாக்டர் சொல்வது உண்மையா என்று பல்லுக்குச் சொந்தக்காரிக்கே தெரியாது, அதுதான் கொடுமை.

"ரெண்டாவது ஆளும் இதையே சொன்னா, மூணாவது ஆள்கிட்ட போவியா?" என்று கணவர் கிண்டலடித்தார்.

போவேன் என்றேன். எரிச்சலாக வந்தது. பல் அவருடையதா என்ன?

மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடை மாடியில் சின்ன கிளினிக். படியேறும்போதே எக்ஸ்ரேயைக் கைப்பையின் அடியில் ஒளித்தேன். அதைப் பார்த்துவிட்டு இந்த டாக்டரும் அதையே சொல்லிவிட்டால்?

டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "வேற எங்கயாவது காமிச்சீங்களாம்மா? எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"இல்லையே."

"சரி. பல்லு வலிக்குதா, கூசுதா?"

திகைத்துப்போனேன். தி. நகரில் வலிக்குதா என்று மட்டும்தான் கேட்டார்கள். நானும் பயத்தில் மூன்று பல்லுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருந்தேன். இருபது வருடமாகப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள்!

அவர் ஒவ்வொரு பல்லிலும் ஜில்லென்று பஞ்சை வைத்து எடுத்தார். இரண்டில் பஞ்சை எடுத்ததுமே கூச்சம் போய்விட்டது. கடைவாய்ப் பல்லில் மட்டும் எடுத்த பிறகும் விண் விண்ணென்று தெறித்தது.

"இந்த ஒண்ணுக்கு ரூட் கெனால் வேணும்மா. மத்த ரெண்டையும் அடைச்சாலே போதும்னு தோணுது. எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு உறுதியா சொல்றேன்" என்று எழுந்தார்.

வேறு வழியில்லை. கைப்பையைத் திறந்து, தி. நகரில் மூன்றுக்கும் ரூட் கெனால் என்றதையும் சொல்லி, படத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"நான் சொன்னதுதான்மா. ஆனா அவரும் பொய் சொல்லல. மூணும் வலிக்குதுன்னு நீங்க சொல்லியிருந்தா, இதைப் பாத்துட்டு நானும் அப்படித்தான் யோசிச்சிருப்பேன்."

வாய் கொப்பளித்துத் துப்பினேன். "இப்ப எங்கயாவது கூசுதாம்மா?" என்று கேட்டார்.

கூசியது. பல் அல்ல.