டீசலில் தண்ணீர் இல்லை

ஜெரோம் இருந்தான். பாட்டும் கிதாரும் அவன்.

சாகுல் இருந்தான். பேஸ் கிதார். அன்று ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவனும் அவன்தான்.

போஸ் இருந்தான். டிரம்ஸ்.

கடல்பாசி காயவைக்கும் பெண்கள் ஏழு பேர். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண். பிறகு நான்.

பாட்டின் பாதியில் ஜெனரேட்டர் நின்றுபோனது. நிறுத்தியவன் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பாம்பனில் படகு எஞ்சின் மெக்கானிக் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. பேச்சு வராது. பாட்டுக் கேட்க வரும்.

எஞ்சின் சாமான் வாங்க மதுரைக்குப் போனபோது ஒரு மாடி அறையில் முதன்முதலாக ராக் குழு ஒன்றைக் கேட்டேன். முப்பது பேர் நின்றிருந்தோம். சினிமாப் பாட்டு இல்லை. அவர்களே எழுதிய பாட்டு. டிரம்ஸ் அடி என் நெஞ்சுக்கூட்டுக்குள் விழுந்தது. பாடியவனின் வியர்வை என் சட்டையில் தெறித்தது!

அதன்பின் அவர்கள் எங்கே பாடினாலும் பஸ் ஏறினேன். மூன்று வருடம் கழித்துப் பெரிய மைதானத்தில் பாடினார்கள். கடைசி வேலியோரம் நின்று பார்த்தேன். கட்டைவிரல் உயரம் இருந்தார்கள்... அதோடு போவதை விட்டுவிட்டேன்.

பிறகுதான் இந்த மூன்று பேரும் வந்தார்கள். மூவரும் விசைப்படகில் போகிறவர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் சேர்ந்து வாசிப்பார்கள். என் பட்டறையில்தான்.

அந்த மதியங்களை எப்படிச் சொல்வது... கழற்றிப் போட்ட எஞ்சின்களுக்கு நடுவே கண்ணை மூடிப் படுத்திருப்பேன். கிதார் சத்தம் மெல்ல வந்து காலை நனைக்கும். இடுப்புக்கு ஏறும். கழுத்துக்கு ஏறும். நான் கரையில் கிடக்கிறேனா, கடலுக்கு அடியில் கிடக்கிறேனா... தெரியாது.

பாட்டு முடிந்ததும் ஜெரோம் கேட்பான். "எப்புடிண்ணே இருக்கு?"

"ம்."

"ஏலே, அண்ணன் 'ம்'னுட்டாரு! போன வருசம் அதுவுமில்லலே!" என்று சாகுல் குதிப்பான்.

அந்த வருடம் சென்னைப் பெண் வந்தார். புதுக் குழுக்களைத் தேடிப் பிடித்து ஊர் ஊராக மேடையேற்றுகிறவர். அவர் வருவதற்கு முதல்நாள் ஜெரோம் என்னிடம் ஓடிவந்தான்.

"அண்ணே, அவுகளுக்குப் புடிச்சிருச்சுன்னா மெட்ராஸு, பெங்களூருன்னு போயிருவோம். இனிமே போட்டுல ஏற மாட்டேண்ணே. முடியலண்ணே எனக்கு."

அவன் கண் பளபளத்தது. நான் நினைத்தது என்ன தெரியுமா? அவர்களும் கட்டைவிரல் உயரம் ஆகிவிடுவார்கள் என்று. அது மட்டும்தான். சீ!

மறுநாள் மதியம் மூன்று மணி. கடற்கரை மணலிலேயே மேடை. இரைச்சல் பாட்டில் கலக்கக் கூடாதென்று என் ஜெனரேட்டரைத் தள்ளி, உடைந்த வள்ளம் ஒன்றின் பின்னால் வைத்திருந்தோம்.

முதல் பாட்டுக்கே பாசிக்காரப் பெண்களில் ஒருத்தி கத்தினாள். "ஏலே ஜெரோமு, இந்தப் போடு போட்டா மீனு பூரா இலங்கைக்கு ஓடிரும்லே!"

"ஓடட்டும் அத்தை! தடைக்காலந்தான!" என்றான் மைக்கிலேயே.

சென்னைப் பெண் சிரித்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. கடைசிப் பாட்டு ஒன்றுதான் மிச்சம். அதைக் கேட்கத்தான் அவர் வந்ததே.

எஞ்சினுக்குத் தண்ணீர் பார்க்கப் போவதுபோல் வள்ளத்தின் பின்னால் போனேன். டீசல் வால்வை மூடினேன். மூடிய உடனே எஞ்சின் நிற்காது. குழாயிலும் பில்டரிலும் கிடக்கிற டீசலுக்கு ஓடும். நான்கு நிமிடம். என் கை பழகிய எஞ்சின்... எனக்குத் தெரியும்.

நடந்து வந்து எல்லோருக்கும் முன்னால் நின்றுகொண்டேன்.

பாட்டு தொடங்கியது. அப்படி அவர்கள் வாசித்து நான் கேட்டதே இல்லை! கட்டிக் கிடந்த படகுகள் போஸின் அடிக்கு ஆடுவதுபோல் இருந்தன. கடல் கண்ணாடியாகக் கிடந்தது. பெண்கள் கையில் பாசியோடு அப்படியே நின்றார்கள். ஜெரோம் கண்ணை மூடிப் பாடினான். அந்த வெயில், உப்புக்காற்று, அவன் குரல் எல்லாம் ஒன்றாகி, நான் எடையில்லாமல் மிதந்தேன்... வால்வு மூடியிருப்பது எனக்கு மறக்கவில்லை. மிதந்துகொண்டே அது ஞாபகம் இருந்தது. மனிதனுக்கு இது முடியுமா? எனக்கு முடிந்தது.

குரல் கம்மியது. கிதார் இழுத்தது. நின்றது. போஸ் மட்டும் தெரியாமல் நாலு அடி அடித்தான். பிறகு கரையில் சிற்றலைச் சத்தம்.

"ஏலே சாகுலு, டீசல் ஊத்துனியா இல்லையாலே?" என்று ஜெரோம் கத்தினான்.

"அல்லா மேல சத்தியமா ஊத்துனேன்டா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எஞ்சின் விஷயத்தில் என் வாய்ச்சொல்தான் முடிவு. போய்க் குனிந்தேன். யாரும் பார்க்காமல் வால்வைத் திறந்தேன். எழுந்து சொன்னேன்.

"கேன்ல தண்ணி கெடந்துருக்கு. டீசல்ல கலந்துபோச்சு. பாத்து ஊத்த வேணாமாப்பா?"

சுத்தம் செய்கிறேன் என்று ஒரு மணி நேரம் கழித்தேன். சென்னைப் பெண்ணுக்கு ராமநாதபுரத்தில் ரயில். "அப்புறம் பேசுறேன்" என்று கிளம்பினார். பேசவில்லை.

கார் மறைந்ததும் ஜெரோம் சாகுலின் சட்டையைப் பிடித்தான். "என் வாழ்க்கையில தண்ணிய ஊத்திட்டியேலே..." சாகுல் திருப்பி அடிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் மறுபடி சேரவில்லை. ஜெரோம் போட்டில்தான் போகிறான். சாகுல் கீழக்கரையில் ஒரு கடையில் நிற்கிறான். அடுத்த தடைக்காலம் வந்தது. பட்டறையில் கண்ணை மூடிப் படுத்தேன். வெயிலில் கூரைத் தகரம் மட்டும் டப்பென்று விரிந்தது.

ஒருநாள் சாகுல் வந்தான். வாசலோடு நின்றான்.

"அண்ணே, அந்தக் கேன வெயில்ல கவுத்திக் காயவச்சுத்தாண்ணே டீசல் புடிச்சேன். எப்புடிண்ணே தண்ணி வந்துச்சு? நெனச்சு நெனச்சுப் பாக்குறேன்..."

"ம்" என்றேன்.

அவன் போய்விட்டான். அப்போதும் சொல்லவில்லை நான்! உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் சாகுல் இல்லை.

நான்கு நிமிடம் இருந்தது. திரும்பி நடந்து திறந்திருந்தால் பாட்டு முடிந்திருக்கும். தூரம் அதிகம், போயிருந்தாலும் முடிந்திருக்காது என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன வாரம் அந்த மணலில் அளந்து பார்த்தேன். நான் நின்ற இடத்திலிருந்து வள்ளத்தின் பின்பக்கம் வரை, மெதுவாக, ஒவ்வொரு காலடியாக எண்ணி.

அறுபத்திரண்டு.