பந்தை வெளியே அடிக்கத் தெரியாதவர்கள்

சிங்கப்பூரில் தோற்றுவிட்டுத் திரும்பிய ரயிலில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டோம். மூன்றாம் வகுப்புப் பெட்டி. எதிரெதிர்ப் பலகைகள். முட்டியோடு முட்டி இடிக்கிற இடத்தில் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஜன்னலைத்தான் பார்த்தோம். ஜொகூர் ரப்பர்க்காடுகள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. வெயில் மட்டும் மரத்துக்கு மரம் விழுந்து எழுந்து கூடவே ஓடிவந்தது.

எங்கள் ரயிலுக்கு முன்னால் ஓர் எஞ்சின் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. தண்டவாளத்தில் யாராவது குண்டு வைத்திருந்தால் அது முதலில் வாங்கிக்கொள்ளும். மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கமும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளும் மோதிக்கொண்ட அந்த அவசரகாலத்தில் ரயில்கள் அப்படித்தான் ஓடின.

“நமக்கு முன்னாலயும் ஒரு டீம விட்டுப் பாத்திருக்கலாம்லா,” என்றான் எங்கள் கோல் காவலன்.

யாரும் சிரிக்கவில்லை. எங்களோடு மேலாளராக வந்திருந்த தோட்ட ஆபீஸ் கணக்கர் கிராணி ஐயா, வெள்ளைக்காரத் துரைக்கு என்ன சொல்வது என்ற கவலையில், வேட்டி நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

எத்தனையோ தோல்விகளைத் தின்று செரித்து இந்த வயதுக்கு வந்துவிட்டேன். இது மட்டும் இன்னும் நெஞ்சுக்குழியில் நிற்கிறது, தண்ணீர் குடித்தாலும் இறங்காத சோற்றுருண்டை மாதிரி. ஆட்டத்தில் தோற்றதற்காக இல்லை. திடலைத் தோற்றதற்காக.

எங்கள் தோட்டம் புக்கிட் பெலண்டோக் பக்கம். நாங்கள் குடியிருந்த லயங்களுக்குக் கீழே, ஓடைக்கு இந்தப்புறம், ஒரு திடல். மூங்கில் கோல்கம்பங்கள். மழை பெய்தால் நடுவில் குளம் கட்டும். காய்ந்தால் புழுதி எழும்பி ஆளை மறைக்கும். ஆனாலும் அது அகலமான இடம். அங்கே நின்று கத்தினால் குரல் திரும்பி வராது.

பிறகு லயங்களைச் சுற்றி முள்கம்பி வந்தது. காட்டுக்குள் இருந்தவர்களுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடக் கூடாதாம். அளந்தவர்கள் வீடுகளை உள்ளே சேர்த்தார்கள், கோயிலைச் சேர்த்தார்கள், தண்ணீர்க் குழாயைச் சேர்த்தார்கள். திடலுக்காக வேலியை வளைத்தால் கம்பி அதிகம் பிடிக்கும் என்று அதை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள். மத்தியானம் ரப்பர்ப் பால் நிறுத்து முடிந்து ஆட்கள் உள்ளே வந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். திடல் கண்ணுக்கு எதிரே கிடக்கும். லாலான் புல் முதலில் கணுக்காலுக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு. கோல்கம்பங்களில் கொடி ஏறியது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் நோயாளியைப் பார்ப்பது மாதிரி.

பெரட்டுக் களத்தில் ஆட ஆரம்பித்தோம். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிட ஆட்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. ஒரு பக்கம் கோயில் சுவர், மற்ற மூன்று பக்கமும் கம்பி. பந்து கம்பியைத் தாண்டினால் போனதுதான். விடியும்வரை வெளியே கிடக்கும். கேட்டில் நிற்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிளிடம் போய்க் கெஞ்சினால், துப்பாக்கியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொள்வார். அதுதான் பதில். அன்றைய ஆட்டம் அத்தோடு சரி. வெளியே அடித்தவனை வீட்டுக்கு வீடு நின்று திட்டுவார்கள்.

அதனால் எங்கள் பந்து தரையை விட்டு எழும்பாது. காலுக்குக் கால், தட்டித் தட்டி, நாய்க்குட்டி மாதிரி எங்களோடேயே ஒட்டிக்கொண்டு வரும். சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் ஒரு சின்னப் பள்ளித் திடலில் தேர்வு ஆட்டம் வைத்தார்கள். பட்டணத்துப் பையன்களுக்குப் பந்தைக் கண்ணில் காட்டாமல் ஜெயித்தோம். சிங்கப்பூர்ப் போட்டிக்கு எங்களைத்தான் அனுப்பினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், வேறு அரசாங்கம். எங்களுக்கு அது வெளிநாடுதான்.

துரை ஆபீஸ் படியில் நின்று பேசினார். கிராணி ஐயா தமிழில் சொன்னார்: “கிண்ணத்தோட வந்தீங்கன்னா போலீஸ்கிட்ட பேசி, திடல் பக்கம் ஒரு கேட்டு வச்சித் தர்றேங்கிறாரு. சாயந்தரம் நீங்க அங்கயே ஆடலாம்.”

லயத்தில் அன்றைக்குத் திருவிழா மாதிரி இருந்தது. புறப்படும்போது கேட்டில் கான்ஸ்டபிள் பந்தைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

“உள்ள என்ன?”

“காத்துதான்,” என்றான் கோல் காவலன்.

அவர் நம்பவில்லை. கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். காற்று புஸ்ஸென்று போனது. ஒரு மணி அரிசிகூட விழவில்லை. சப்பிப் போன பந்தோடு வெளிநாடு புறப்பட்டோம்.

சிங்கப்பூர்த் திடலின் ஓரத்தில் போய் நின்றேன். பச்சை, பச்சை, முடிவில்லாத பச்சை. சுவரில்லை, கம்பியில்லை. சுண்ணாம்பில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கமும் அதே புல். சுற்று ஆட்டங்களை எப்படியோ தாண்டினோம். இறுதி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான்.

எங்கள் கோலுக்குப் பக்கத்தில், இடது ஓரத்தில், தடுத்து ஆடுகிற எங்கள் பேக் காலில் பந்து. தோட்டத்திலேயே கெட்டியான கால் அவனுக்கு. மூன்றாம் லயத்துப் பையன், விடிந்தால் மரம் சீவப் போகிறவன். எதிராளிகள் இரண்டு பேர் அவன்மேல் பாய்ந்து வருகிறார்கள். பக்கத்திலேயே கோடு. ஒரு உதை விட்டால் பந்து வெளியே, கோல் தப்பும், நாங்கள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

“வெளிய அடிறா!” என்று கேப்டன் கத்தினார். நாங்கள் எல்லாரும் கத்தினோம். கோட்டோரம் கச்சாங் பூத்தே, வறுத்த கடலை, விற்றுக்கொண்டிருந்த ஒரு தமிழர்கூடத் தலைச்சுமைத் தட்டைப் பிடித்தபடி கத்தினார்: “வெளிய அடிங்க தம்பி!”

அவன் காலை ஓங்கினான். ஓங்கிய கால் நின்றது. பந்தை உள்பக்கம் இழுத்தான், பெரட்டுக் களத்தில் இழுப்பது மாதிரியே, அழகாக. அங்கே எதிராளிகளில் மூன்றாவது ஆள் நின்றிருந்தான்.

கோல்.

ரயில் குளுவாங்கைத் தாண்டியபோது கேப்டனுக்குப் பொறுக்கவில்லை. அவர் எங்களைவிட மூத்தவர், ரப்பர் ஸ்டோரில் வேலை. திடலில் சின்ன வயதில் நன்றாக ஆடியவர். அது வேலிக்கு வெளியே போனதில் எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் ஆத்திரம் அதிகம்.

“ஏண்டா, ஒரு உதை. ஒரே ஒரு உதை. காலுல சுளுக்கா?”

பேக் குனிந்தே இருந்தான்.

“கேக்குறேன்ல?”

“அடிக்கத்தாண்ணே போனேன்.”

“அப்புறம்?”

“பந்து வெளிய போனா யாருண்ணே போயி எடுக்கிறது?”

ரயில் தடதடவென்று ஓடியது.

“அங்க ஏதுடா கம்பி?” கேப்டன் பலகையைத் தட்டினார். “கச்சாங் விக்கிறவன்தானே நின்னான்! அவனே எடுத்துக் குடுப்பான்!”

“அது தெரியும்ணே. அந்த நேரத்துல தோணல.”

கேப்டன் திரும்பி என்னைப் பிடித்துக்கொண்டார். நான் இடது விங். “நீ மட்டும் என்னா? அவ்வளவு எடம் கெடக்கு, கோட்டோரமா ஓடுன்னா நடுவுலயே வந்து ஒண்டுற. முள்ளு குத்திடுமா?”

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். ஆட்டம் முழுவதும் நான் அந்தக் கோட்டுப் பக்கம் போகவேயில்லை. போகக் கூடாது என்று நினைத்ததாகவும் ஞாபகமில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

“உங்க ஷாட்டு மட்டும்?” என்றான் கோல் காவலன். “கோலு முன்னால நின்னுக்கிட்டு, தொட்டில்ல புள்ளயப் போடுற மாதிரி உருட்டி விட்டீங்க. அவங்க கோல்கீப்பரு குனிஞ்சி எடுத்துக்கிட்டுப் போறான்லா.”

கேப்டன் அவனை அடிக்கக் கையை ஓங்கினார். கிராணி ஐயா நடுவில் விழுந்தார். “ரயில்ல வந்து சண்டை போடுறீங்களே, அறிவு கெட்டவனுங்களா!” ஓங்கிய கை மெல்ல இறங்கி, கேப்டனின் முட்டியிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் இறங்க வேண்டிய சிரம்பான் வரும்வரை அது அங்கேதான் இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதுதான் பெரிய கோபமாக இருந்தது.

துரை நல்ல மனிதராக நடந்துகொண்டார். அதையும் தாங்க முடியவில்லை. ஆளாளுக்குக் கை கொடுத்தார். புதுப் பந்து ஒன்று தந்தார். தோல் வாசனை அடித்தது. கிராணி ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நல்லா ஆடினீங்களாம். திடல் விஷயம் இப்ப வேணாம், அடுத்த வருசம் ஜெயிச்சிட்டு வாங்க, பாக்கலாங்கிறாரு.”

அடுத்த வருஷமும் இதே களத்தில் பழகிவிட்டு.

அன்று சாயந்தரம் பெரட்டுக் களத்தில் புதுப் பந்தோடு இறங்கினோம். யாருக்கும் ஆட மனமில்லை. கால்கள் பழக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தன. பந்து கோயில் சுவரில் பட்டு உருண்டு பேக்கிடம் வந்தது. நாக்கை அடக்க முடியாமல் கேப்டன் குத்தினார்.

“இப்ப அடி பாப்போம். வெளிய அடி. இங்க கச்சாங்காரன் இல்ல, தைரியமா அடி.”

பேக் அவரைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போனான். அவன் காலை முழுசாக வீசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பந்து கம்பிக்கு மேலே, வேலி விளக்குக்கு மேலே எழும்பி, வெயிலில் ஒரு கணம் மின்னி நின்றது. அடேயப்பா, என்ன உதை! பிறகு கீழே, எங்கள் பழைய திடலுக்கு நடுவில், லாலானுக்குள் விழுந்தது. புல் ஒருமுறை அசைந்து மூடிக்கொண்டது.

கேட்டில் கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

கேப்டன் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் கம்பியருகே போய் நின்றார். முட்களுக்கு இடையில் இரண்டு விரலை விட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் திடலையே பார்த்தார்.

“இத அங்க அடிச்சிருக்கலாம்லடா,” என்றார்.

பொழுது இன்னும் நிறைய மிச்சமிருந்தது. ஆடுவதற்குப் பந்துதான் இல்லை.